நத்தைத் தொட்டியில் காணும் சிறு புழுக்கள்

பெங்களூரு ஹெப்பாள், ஜக்கூர் போன்ற ஏரிகளின் நத்தைகளைக் கொண்டு பள்ளியில் புதிதாகக் கண்ணாடித் தொட்டி அமைப்போர், சில நாட்களில் அதனுள் நுண்ணிய புழுக்கள் நெளியக் காண்பர். உடனே மருந்து தேடுவர். முதலில் வேண்டுவது பூதக்கண்ணாடியே.

வெண்ணூல் போன்று, கண்டங்களுடன் நெளிபவை மண்புழுவின் உறவினம். எஞ்சிய இரையும் அழுகிய இலையுமே இவற்றின் உணவு, நத்தைக்குத் தீங்கில்லை. மாணவருக்குக் காட்டத் தக்கவை என்றே கூறலாம். தட்டையான உடலுடன் நெளியாமல் வழுக்கிச் செல்பவை பிளனேரியா. இரையைக் குறைத்து, அடிக்கசடைக் குழாயால் உறிஞ்சி எடுத்தால் இரண்டும் குறையும். மயில்துத்தம் இடலாகாது, நத்தைகளை ஒழிப்பதற்கே கையாளப்பட்ட பொருள் அது.

கவனத்திற்குரியது மூன்றாம் வகை. பிளவுபட்ட வாலுடன் நீரில் நீந்தும் இவ்விளம்புழுக்கள், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்தவை. நத்தையின் உடலிலிருந்தே வெளிப்படுபவை. மாட்டின் மூக்கை அடைத்துக் குறட்டையொலி எழச் செய்யும் நோயின் புழுவை ராவ் என்னும் அறிஞர் 1933-இல் விவரித்தார். கால்நடை இறங்கும் நீர்நிலைகளில் வாழும் தட்டைச் சுருள் நத்தையே அதற்கு இடைநிலை உயிர். இத்தகைய இளம்புழுக்கள் மனிதத் தோலில் புகின் அரிப்பும் தடிப்பும் உண்டாகும்.

ஆதலால், ஏரி நத்தை ஒவ்வொன்றையும் தொட்டியிலிடுமுன் தெளிநீருள்ள தனிக் குவளையில், வெளிச்சத்தில் சில மணி நேரம் வைத்து நோக்குக. ஒருமுறை காணாவிடினும் சில நாட்கள் தொடர்ந்து நோக்குதல் நன்று. அதுவரை மாணவர் அந்நீரில் கையிடலாகாது. நீந்தும் புழு தென்பட்டால் நத்தையின்மீதும் நீரிலும் கொதிநீர் ஊற்றுக. ஏரிக்குத் திருப்பி விடற்க.