திருச்சி - யாழ்ப்பாணம்: 185 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போகணும்னு கிளம்பிட்டியா தங்கச்சி? டிக்கெட் போடுறதுக்கு முன்னால அக்காவோட கணக்கைக் கேட்டுக்கோ.

திருச்சி விமான நிலையத்துக்கும், யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலிக்கும் நேர்கோட்டில் சுமார் 185 கிலோமீட்டர்தான். திருச்சியிலிருந்து பஸ்ஸில் கோயம்புத்தூர் போறதுகூட இதைவிட அதிகம். ஓடுறது ஏடிஆர் ரக விமானம், இறக்கையில் விசிறி சுத்துமே, அதுதான். மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் வேகம். அப்படின்னா அரை மணி நேரத்துக்குள்ள போயிடணுமே, டிக்கெட்டில் ஏன் ஒரு மணி நேரம்னு போட்டிருக்குன்னு கேட்பே. நின்ன இடத்தைவிட்டு விமானம் நகர்றதிலிருந்து, அங்கே போய் நிற்கிற வரைக்கும் சேர்த்துத்தான் டிக்கெட்டில் நேரம் போடுவாங்க. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகணும், மேலே ஏறணும், உடனே இறங்கவும் ஆரம்பிக்கணும். முழு வேகத்தில் பறக்கிறது கொஞ்ச நேரம்தான். 2006லிருந்து இலங்கைக்கும் நமக்கும் ஒரே கடிகார நேரம். அதனால கூட்டிக் கழிக்கிற வேலை இல்லை.

ஆனா அந்த ஒரு மணி நேரத்தை நம்பி நாளைத் திட்டமிடாதே. தூரம் குறைவுன்னாலும் இது வெளிநாட்டுப் பயணம். மூணு மணி நேரம் முன்னாலயே திருச்சி நிலையத்துக்குள்ள இருக்கணும். செக்-இன் கவுன்ட்டரை, விமானம் கிளம்புறதுக்குக் குறைஞ்சது ஒரு மணி நேரம் முன்னாலயே மூடிடுவாங்க. விட்டுட்டா, அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி அடுத்த விமானம் உடனே கிடைக்காது. பலாலியில் குடிவரவு, சுங்கம் முடிச்சு, பதினாறு பதினேழு கிலோமீட்டர் ரோட்டில் போனாத்தான் யாழ் நகரம். வாசலிலிருந்து வாசலுக்கு ஆறு மணி நேரம்னு வச்சுக்கோ. அப்பவும் லாபம்தான். கொழும்பில் இறங்கினா, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரோட்டிலேயே ஏறக்குறைய 400 கிலோமீட்டர்.

ஏடிஆரில் ஏறுற கதவு பின்பக்கம் இருக்கும். முன் வரிசைக்கு ஆசைப்பட்டா கடைசியாத்தான் இறங்குவே. குடிவரவு வரிசையிலும் கடைசி. பின்னால் உட்கார்றதுதான் புத்திசாலித்தனம், விசிறிச் சத்தமும் கொஞ்சம் தள்ளியிருக்கும். தலைக்கு மேலே பை வைக்கிற தட்டு சின்னது, பெரிய டிராலியை உள்ளே திணிக்க முடியாது. துணிப்பையா எடுத்துக்கோ. திரும்பும்போது பனங்கட்டியும் ஒடியல் மாவும் வாங்காம வரமாட்டே, அதுக்கும் எடையில் இடம் விட்டு வை. ஜன்னல் சீட் கேட்டு வாங்கு. இறக்கை மேலே இருக்கிறதால பார்வையை மறைக்காது. கீழே எதைப் பார்க்கலாம்னா, வரைபடத்தில் திருச்சிக்கும் பலாலிக்கும் நேர்கோடு போட்டா, அது அதிராம்பட்டினம் பக்கம் கரையைத் தாண்டிக் கடலுக்குள்ள போகுது.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு. சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். மூட்டை அதிகம்னா அது தோது. ஆனா ஐப்பசி, கார்த்திகையில் அதை நம்பி நாள் குறிக்காதே. வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிச்சா நிறுத்திடுவாங்க.

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசத்துக்காவது செல்லுபடியாகணும். விசா அனுமதி விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுது. இலங்கை அரசோட இணையதளத்திலேயே பார்த்து விண்ணப்பம் போடு. அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் காசு பிடுங்குற தளங்கள் இருக்கு, அங்கே கார்டு நம்பரைக் கொடுத்துடாதே.