பொத்தான் கண்களும் ஒரு துணிப் புத்தகமும்

என் ராத்தாவின் மகனுக்கு ஒரு வயது நிறைந்தபோது நான் பத்தாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கேக் வெட்டும் வழக்கம் இல்லை. உம்மா வட்டிலப்பம் செய்வார். பிள்ளைக்கு ஆளுக்கொரு பரிசு கொடுப்போம். அந்த முறை நான் வெள்ளைத் துணியில் ஒரு முயல் தைத்தேன். வாப்பாவின் பழைய சட்டையிலிருந்து இரண்டு கறுப்புப் பொத்தான்களை எடுத்துக் கண்களாக வைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பிள்ளை எதையோ மென்றுகொண்டிருப்பதை ராத்தா கண்டார். முயலுக்கு ஒரு கண் இல்லை. பொத்தான் கன்னத்தினுள் ஒதுங்கியிருந்ததால் எடுத்துவிட முடிந்தது. ராத்தா என்னை ஏசவில்லை. முயலைக் கழுவிக் காயவைத்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். ஏசியிருந்தால் எனக்கு அது இலகுவாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். தம்பி தங்கைக்கும் மருமக்களுக்கும் கையால் பரிசு செய்ய விரும்பும் தோழியர் என்னைப் போல் தவறிவிடக் கூடாது.

முதலில் வயதைப் பாருங்கள்

ஒரு வயதுப் பிள்ளை உலகை வாயால் அறிகிறது. ஆகவே கழன்று வரக்கூடிய எதுவும் அதன் பரிசில் இருக்கக் கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களைச் சோதிக்க 3.17 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சிறு உருளை ஒன்றைப் பயன்படுத்துவார்கள். அதனுள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கக்கூடியது. வீட்டில் ரொயிலட் பேப்பர் சுற்றிவரும் மட்டைக் குழாய் போதும். அது சற்று அகலமானது என்பதால் இன்னும் பாதுகாப்பானது. பொத்தான், மணி, சிறு சிப்பி எல்லாம் அதனுள் விழுந்துவிடும். நாடாவும் கயிறும் ஒரு சாணுக்கு மேல் நீளக் கூடாது; கழுத்தில் சுற்றிக்கொள்ளும். பாட்டுப் பாடும் அட்டைகளில் உள்ள பொத்தான் பற்றரியை ஒருபோதும் எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக் குழாயை அரித்துவிடும்.

மூன்று வயது கடந்த பிள்ளைக்கோ பொத்தான் பூட்டிப் பழகுவதே விளையாட்டு. 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மொண்டிசோரி அம்மையாரின் முறையில், பொத்தான் பூட்டவும் முடிச்சுப் போடவும் பழக்கும் மரச் சட்டங்கள் உண்டு. ஒரு வயதில் ஆபத்தானது மூன்று வயதில் பாடமாகிறது.

துணி நம் ஊருக்குப் புதிதல்ல

இன்று ஹவ்லொக் சிட்டி மாடிகள் நிற்கும் இடத்தில்தான் முன்பு வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. ஆலைச் சங்கு ஊதுவதை வைத்துத்தான் தாங்கள் நேரம் அறிந்ததாக எங்கள் உம்மும்மா சொல்வார். நல்லாயன் சபைக் கன்னியரின் நெசவு நிலையங்களுக்கு வடிவமைத்துக் கொடுக்கத் தொடங்கிய பார்பரா சன்சோனி பின்னர் 'பெயார்புட்' நிறுவனத்தை உருவாக்கினார். அங்கே கைத்தறித் துணியில் செய்த பொம்மைகளைப் பார்த்தால், நல்ல நிறமும் உறுதியான தையலும் இருந்தாலே போதும், பொம்மைக்கு மினுமினுப்புத் தேவையில்லை என்பது விளங்கும். நமக்கு விலை கொடுத்துத் துணி வாங்கவும் வேண்டியதில்லை. காலி வீதித் தையற்காரர்களிடம் வெட்டுத் துணி கேட்டால் ஒரு பை நிறையத் தருவார்கள்.

துணிப் புத்தகம்: செய்முறை

1. நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் 32 சென்ரிமீற்றர் நீளம், 17 சென்ரிமீற்றர் அகலத்தில் ஆறு துண்டுகள் வெட்டுங்கள். வெட்டுமுன் துணியை ஒரு முறை கழுவுங்கள். சுருங்குவதும் சாயம் போவதும் அப்போதே தெரிந்துவிடும்.

2. ஒவ்வொரு துண்டையும் நடுவில் மடித்துக் கோடு பதியுங்கள். கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு படம். ஓரத்தை உள்ளே மடித்து, நெருக்கமான சிறு தையலால் படத் துணியைப் பொருத்துங்கள். கண், மூக்கு எல்லாம் நூலால் மட்டும். பசை வேண்டாம்.

3. இரண்டு துண்டுகளின் படப் பக்கங்கள் உள்ளே இருக்கும்படி சேர்த்து, ஓரத்திலிருந்து 1 சென்ரிமீற்றர் தள்ளிப் பின்தையல் போடுங்கள். 8 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, அதன் வழியே வெளிப்புறம் திருப்பி, அந்த வாயைத் தைத்து மூடுங்கள். இப்படி மூன்று சோடி.

4. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுக்கோட்டில் இரட்டை நூலால் இரு முறை தைத்து மடியுங்கள். பன்னிரண்டு பக்கப் புத்தகம் தயார்.

படங்கள் பிள்ளை தினமும் காண்பவையாக இருக்கட்டும். நான் கரையோரப் புகைவண்டி, சிவப்பு பஸ், காகம், வாழைப்பழம், கடல் என்று வைத்தேன். ஒரு பக்கத்தில் துவாய்த் துண்டு, வெல்வெற், சாற்றின் மூன்றையும் தைத்தேன், தடவிப் பார்க்க. இன்னொன்றில் ஒரு யன்னல். துணிக் கதவைத் தூக்கினால் பிறை தெரியும். மறைந்த பொருள் இல்லாமற் போய்விடவில்லை என்பதை முதல் வயதில்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். அதனால்தான் ஒளிந்து பிடித்தலில் அவர்களுக்கு அவ்வளவு சிரிப்பு.

கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு படத்தையும் விரலால் பலமாக இழுத்துப் பாருங்கள். பின்பு ஒரு முறை கழுவி மீண்டும் இழுங்கள்.

சென்ற மாதம் ராத்தாவின் இளைய மகளுக்கு ஒரு வயது. புத்தகத்தை ராத்தாவிடம்தான் முதலில் கொடுத்தேன். அவர் யன்னல் கதவை இழுத்தார். காகத்தின் கண்ணை நகத்தால் கிள்ளினார். பன்னிரண்டு பக்கங்களையும் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் பிள்ளையின் மடியில் வைத்தார். பிள்ளை முதல் வேலையாகப் புகைவண்டியை வாயில் வைத்தாள். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் எழுந்து ஓடவில்லை.

அலுமாரியிலிருந்த முயலையும் அன்று மாலை கேட்டு வாங்கினேன். அதற்கு இப்போது கறுப்பு நூலில் கண்கள் வைத்துக்கொண்டிருக்கிறேன்.