கரடியைக் கொல்லாமல் காட்டோரத்தில் வாழ்தல்

க.பொ.த (சாதாரண தரம்) – விஞ்ஞானம்: உயிர்ப் பல்வகைமையும் அதன் காப்பும்

மாணவர்களே, மனித - வனவிலங்கு மோதல் பற்றிய வினாவுக்குப் பெரும்பாலானோர் யானையையே உதாரணமாக எழுதுவர். அது பிழையன்று. ஆயினும் நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், மாங்குளம் போன்ற காட்டோரப் பகுதிகளில் வாழும் மாணவருக்குக் கரடியும் நல்ல உதாரணமாகும். காட்டுக்குத் தேன் எடுக்கவும் விறகு வெட்டவும் செல்வோரில் யானையைவிடக் கரடிக்கு அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்துக்குக் காரணமும் உண்டு. கரடி பெரும்பாலும் முகத்தையும் தலையையுமே தாக்கும். உயிர் தப்பியவரும் கண்ணையோ தாடையையோ இழக்க நேரிடலாம். எனவே கரடியைக் கண்டால் சுடவேண்டும் என்று கூறுவோரை அறியாதவர் என ஒதுக்கிவிட முடியாது. அவர்களுக்கு விடை கூற, முதலில் இவ்விலங்கின் இயல்பை அறிதல் வேண்டும்.

இலங்கையில் வாழும் ஒரேயொரு கரடி இனம் மெலூர்சஸ் உர்சினஸ் ஆகும். இலங்கைக்கே உரிய துணையினம் இனோர்னேட்டஸ் எனப்படும். இது உலர்வலயக் காடுகளில் வாழும் முலையூட்டி. இதன் பிரதான உணவு கறையானும் எறும்பும் தேனும் பழங்களுமாகும். மேற்றாடையின் நடுவிலுள்ள இரு வெட்டும் பற்கள் இதற்கு இல்லை. அவ்விடைவெளியாலும் நீண்ட உதடுகளாலும் புற்றிலுள்ள கறையானை உறிஞ்சி எடுக்கும். அப்போது மூக்குத் துவாரங்களை மூடிக்கொள்ளும். வளைந்த நீண்ட நகங்கள் புற்றைத் தோண்ட உதவுகின்றன. இவை யாவும் இசைவாக்கங்கள். மனிதனை இரையாக வேட்டையாடும் விலங்கன்று கரடி என்பதற்கு இவ்வுடலமைப்பே சான்று. இதை விடையில் எழுத மறவாதீர்கள்.

அப்படியாயின் ஏன் தாக்குகின்றது? கரடிக்கு மோப்ப சக்தி கூர்மையானது. பார்வையோ மந்தமானது. புற்றைத் தோண்டும்போதோ பழம் உண்ணும்போதோ ஆள் அருகில் வருவதை அது கவனிப்பதில்லை. திடீரென ஆளைக் கண்டதும் அஞ்சி, தற்காப்புக்காகப் பாய்கின்றது. குட்டியை முதுகில் சுமந்து திரியும் தாய்க்கரடி இன்னும் ஆபத்தானது. இலங்கையில் தாக்கப்பட்டோரில் அதிகமானோர் தனியாகவோ சிறு குழுவாகவோ சத்தமின்றிக் காட்டில் நடந்த ஆண்கள் என ஆய்வுகள் காட்டுகின்றன. வன்னியில் இதற்குப் பொருத்தமான காலம் பாலைப்பழக் காலமே. வைகாசி தொடக்கம் ஆடி வரை ஒரே மரத்தின் கீழ் மனிதனும் வருகின்றான், கரடியும் வருகின்றது. கரடி உண்ட பழங்களின் விதைகள் அதன் எச்சத்துடன் காட்டில் பரம்புகின்றன என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

கொல்வதால் இந்த ஆபத்துக் குறைவதில்லை. தாக்குதலுக்குக் காரணம் எதிர்பாராத சந்திப்பு. ஒரு கரடியைச் சுட்டாலும், அடுத்த முறை சத்தமின்றிப் பற்றைக்குள் நுழைபவருக்கு மற்றொரு கரடி எதிர்ப்படலாம். காயமடைந்து தப்பிய கரடி மேலும் ஆபத்தானது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கும் சுருக்குக் கம்பியும் கரடி, சிறுத்தை, கால்நடை, சிலவேளை மனிதன் என எதையும் வேறுபடுத்தி அறிவதில்லை. கரடியின் இனப்பெருக்கமும் மிக மெதுவானது. ஒரு முறையில் ஒன்று அல்லது இரண்டு குட்டிகளே பிறக்கும். அவை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தாயுடனேயே இருக்கும். நாடு முழுவதிலும் 500 தொடக்கம் 1000 வரையான கரடிகளே உள்ளன என்பது மதிப்பீடு. இவ்வெண்ணிக்கையிலிருந்து ஒரு தாய்க்கரடி குறைவது சிறிய இழப்பன்று.

கொன்று தீர்க்கும் முறை நம் பகுதிக்குப் புதிதன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் யானைகளைக் கொல்வதற்குப் பணப்பரிசு வழங்கப்பட்டது. 1848 இற்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் ஏறத்தாழ 3500 யானைகள் கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் எழுதியுள்ளார். அத்தனை யானைகளைக் கொன்றும் யானைப் பிரச்சினை இன்றும் வன்னியில் உண்டு. 2018 யூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தையொன்று பலரைக் காயப்படுத்தியது. இறுதியில் மக்கள் அதனை அடித்துக் கொன்றனர். ஊருக்குள் வந்த விலங்கைச் சூழ்ந்து கூட்டம் கூடினால் அது தப்பிச் செல்ல வழியின்றி மேலும் தாக்கும். கூட்டத்தை விலக்கி வழிவிடுவதே முதல் வேலை.

கொல்லாத முறைகள் செலவு குறைந்தவை. காட்டுக்குத் தனியே போகாமல் மூவர் நால்வராகச் செல்லுதல், உரத்துப் பேசியபடி அல்லது தடியால் மரத்தில் தட்டியபடி நடத்தல், அதிகாலையிலும் மாலை மங்கிய பின்னும் பாலை மரத்தடியையும் நீர்நிலையோரப் பற்றைகளையும் தவிர்த்தல் என்பன அவை. குட்டியைக் கண்டால் நெருங்காமல், வந்த வழியே மெதுவாகத் திரும்ப வேண்டும். கரடி பாய்ந்துவிட்டால், முகத்தை நிலத்துக்குக் கொடுத்துக் குப்புறப் படுத்து, கைகளால் பிடரியைக் காத்துக்கொள்ளும்படி வல்லுநர் கூறுகின்றனர். ஊருக்குள் வனவிலங்கு வந்தால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்திலும், எவரும் காயமடைந்தால் அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்திலும் அறிவிக்கலாம்.

பிற நாடுகளிலும் இதே விவாதம் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2015 இல் கருங்கரடி வேட்டை அனுமதிக்கப்பட்டது. இரண்டே நாளில் வேட்டை நிறுத்தப்பட்டபோது ஏறத்தாழ 300 கரடிகள் இறந்திருந்தன. கொலராடோ மாநிலத்தின் துராங்கோ நகரிலோ கரடியால் திறக்க முடியாத குப்பைத்தொட்டிகள் வழங்கப்பட்டன. அவை வழங்கப்பட்ட பகுதிகளில் குப்பையால் ஏற்பட்ட மோதல்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. வன்னிக் கரடி குப்பையைத் தேடி வருவதில்லையாதலால் அதே தீர்வை இங்கு அப்படியே எழுதினால் புள்ளி கிடையாது. ஆனால் விலங்கு எதற்காக வருகின்றது என அறிந்து அதற்கேற்பத் தீர்வு காண்பது என்னும் முறை இரண்டுக்கும் பொது.

குறிப்பு: "கரடி சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, ஆகவே கொல்லக்கூடாது" என்பது மட்டும் முழுமையான விடையாகாது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தைக் குறிப்பிட்டபின், உயிரியல் காரணம் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

பயிற்சி
1. கறையான் உண்பதற்குக் கரடி கொண்டுள்ள இசைவாக்கங்கள் மூன்று தருக.
2. மெதுவாக இனம்பெருகும் விலங்கொன்றை வேட்டையாடுவதால் அதன் குடித்தொகைக்கு ஏற்படும் விளைவை விளக்குக.
3. உமது கிராமத்தில் தேன் எடுக்கச் செல்லும் ஒருவர், "கரடியைக் கொன்றால்தான் எனக்குப் பாதுகாப்பு" என்கிறார். அவருடைய தொழிலும் பாதிக்கப்படாதவாறு அவருக்கு நீர் கூறும் விடையை ஏறத்தாழ 100 சொற்களில் எழுதுக.