பல்லி பட்டினி கிடக்கிறதா? முதலில் தரையைத் தொட்டுப் பாருங்கள்!

மழை விட்ட ராத்திரி. திருத்தணி பக்கம் கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ட்யூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்க்க, சுவர்ப் பல்லி ஒன்று லபக் லபக்கென்று விழுங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து கனடாவிலிருந்து தம்பி போன். "அக்கா, வெல்லம் பத்து நாளா ஒண்ணுமே சாப்பிடலை. புழுவைக் கிட்ட கொண்டுபோனா மூஞ்சியைத் திருப்பிக்குது. பாப்பா அழறா."

வெல்லம், ஸ்கார்பரோவில் தம்பி மகள் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி. மஞ்சள் உடம்பு, கரும்புள்ளி, பருத்த வால். நம் வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது. இதற்கு உண்டு, கண்ணை மூடித் தூங்கும். சுவரிலும் ஏறாது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்துப் பாறை நிலம்தான் இதன் பூர்வீகம். நல்லபடி பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் இருக்கும். முந்தின குளிர்காலம் ஆறு மாதம் நான் அங்கே இருந்தபோது, இதற்கு இரை வைக்கிற வேலை என் தலையில்தான் விழுந்தது. அதில் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் தம்பிக்குச் சொன்னேன். வெளிநாடுகளில் இதை வளர்க்கும் நம் பிள்ளைகளுக்கும் உதவும்.

1. இரையை மாற்றும் முன் சூட்டைப் பாருங்கள்

பல்லிக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். வயிற்றுக்கு அடியில் கதகதப்பு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. செரிக்காது என்றால் அது வாயைத் திறக்காது. கண்ணாடித் தொட்டியின் சூடான பக்கத்துத் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 டிகிரி அளவில் இருக்கட்டும். கண்ணாடியில் ஒட்டும் தெர்மாமீட்டர் தரைச் சூட்டைக் காட்டாது. ஒயர் முனை உள்ளதை வாங்கி, அது படுக்கும் இடத்தில் தரையோடு வையுங்கள். தரைக்குச் சூடு தரும் ஹீட் மேட்டுக்கு, சூடு மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் கட்டாயம். இல்லாவிட்டால் வயிறு வெந்துபோகும்.

நான் இருந்தபோதும் வெல்லம் ஒருமுறை மூன்று நாள் சாப்பிடவில்லை. நானும் விதவிதமாகப் புழு வைத்துப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், வீடு கூட்டும்போது நானே ஹீட் மேட்டின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறந்திருக்கிறேன்!

2. வால்தான் அதன் குதிர்

நாம் குதிரில் நெல் சேர்ப்பதுபோல அது வாலில் கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது. வால் கொழுகொழுவென்று இருந்தால், வளர்ந்த பல்லி பத்துப் பதினைந்து நாள் சாப்பிடாவிட்டாலும் பதற வேண்டாம். கண்ணளவை நம்பாமல் கிராம் காட்டும் சின்னத் தராசில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் விட்டு வாரம் ஒருமுறை நிறுத்துக் காலண்டரில் குறியுங்கள். 60 கிராம் இருந்தது 54-க்கு இறங்கினால், அதாவது பத்தில் ஒரு பங்கு போனால், டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

3. சட்டை உரிக்கிறதா?

உடம்பு சாம்பல் பூசினாற்போல வெளுத்தால் தோல் உரியப்போகிறது என்று அர்த்தம். அந்த நாட்களில் சாப்பாடு குறையும். உரித்த தோலையே தின்றுவிடும். அருவருப்பு வேண்டாம், அது வழக்கம்தான். ஒரு டப்பாவில் வாசல் வெட்டி, ஈரப் பாசியோ ஈர டிஷ்யூவோ போட்டு உள்ளே வைத்தால் தோல் சுலபமாகக் கழலும். விரல் நுனியில் ஒட்டிக்கொண்ட தோல் இறுகினால் விரலே போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாதம் நனையும் அளவு நிற்கவிட்டு, பட்ஸால் மெதுவாக எடுங்கள்.

4. காலம், இடம், துணை

குளிர்காலத்தில் சில பல்லிகளுக்குப் பசி மந்தமாகும். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆணுக்கும், முட்டை கட்டும்போது பெண்ணுக்கும் அப்படித்தான். ஆண் துணை இல்லாமலேகூடப் பெண் கூமுட்டை இடும். புதிதாக வீட்டுக்கு வந்ததென்றால் ஒன்றிரண்டு வாரம் தொடாமல் விடுங்கள். புது மருமகள் முதல் நாளே வயிறாரச் சாப்பிடுகிறாளா என்ன?

5. பரிமாறும் பக்குவம்

சோறு, பழம், காய் எதுவும் ஆகாது; உயிருள்ள பூச்சிதான் வேண்டும். கடையில் கிடைக்கும் கிரிக்கெட் பூச்சி (நம்மூர் சுவர்க்கோழி), மாவுப்புழு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பல்லியின் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். மெழுகுப்புழு மிட்டாய் மாதிரி. அடிக்கடி கொடுத்தால் அதற்கே அடம் பிடிக்கும்.

முதல் நாளே பூச்சிகளுக்குக் கேரட், கீரை போட்டு வையுங்கள். அவை தின்பதுதான் பல்லிக்கும் போய்ச் சேரும். மேலே கால்சியம் பவுடர் தூவுங்கள். விளக்கு வைக்கிற நேரம்தான் இதற்குப் பசிக்கும் நேரம். இடுக்கியில் பிடித்துப் பூச்சியை லேசாக அசைத்துக் காட்டினால், வெல்லம் வால் நுனியை ஆட்டிக் குறி பார்த்துப் பாயும். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறையும் போதும்.

6. செய்யக் கூடாதவை

வாயைப் பிளந்து திணிக்காதீர்கள். தின்னாத கிரிக்கெட்டை ராத்திரி உள்ளேயே விடாதீர்கள். அது பல்லியைக் கடித்துவிடும். குட்டிகளுக்கு மணல் பரப்பினால் வயிற்றில் போய் அடைத்துக்கொள்ளும், பேப்பர் டவல் போதும். தோட்டத்துப் பூச்சியில் மருந்து இருக்கலாம். மின்மினி மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் விஷம் பல்லியைக் கொன்றுவிடும். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்; சால்மொனெல்லா கிருமி ஒட்டும்.

7. எப்போது டாக்டர்?

வால் மெலிந்தால், கண் குழிந்தால், வாந்தி எடுத்தால், எச்சம் தண்ணீராகப் போனால், குட்டி ஒரு வாரம் சாப்பிடாவிட்டால் காத்திருக்காதீர்கள். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். புது எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப்போனால் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்.

போனில் தம்பியைத் தரைச் சூட்டைப் பார்க்கச் சொன்னேன். 26 டிகிரி! தெர்மோஸ்டாட்டின் ஒயர் முனை இடம் மாறி, மேட்டின் மேலேயே ஒட்டிக் கிடந்திருக்கிறது. சரிசெய்த மூன்றாம் நாள் சாயங்காலம் வெல்லம் இரண்டு கிரிக்கெட் தின்றதென்று பாப்பா வீடியோ அனுப்பினாள்.

அதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பையன், "பெரியம்மா, நானும் ஒரு பல்லி பிடிச்சு வளர்க்கட்டுமா?" என்றான். வேண்டாம் கண்ணு. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிடுகிறோம். திருமலைப் பாறை இடுக்குகளில் நிஜமாகவே பொன்னிறப் பல்லி இருக்கிறது. அதைப் பிடிப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுப் பல்லியையும் டப்பாவில் அடைக்காதே. ட்யூப்லைட்டைப் போட்டு வை, அதற்கு வேண்டியதை அதுவே பிடித்துக்கொள்ளும்.