சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் என்ன நிறம்?

அடிப்படை நிறங்கள் எவை? இந்தக் கேள்விக்கு நம் பிள்ளைகள் பள்ளியில் இரண்டு விடைகள் படிக்கிறார்கள். ஓவிய வகுப்பில் சிவப்பு, மஞ்சள், நீலம். அறிவியல் வகுப்பில் சிவப்பு, பச்சை, நீலம்.

என் மகள் ஒரு நாள் அறிவியல் புத்தகத்தை நம்பி, சிவப்புச் சாயத்தையும் பச்சைச் சாயத்தையும் குழைத்து மஞ்சள் சூரியகாந்தி வரையப் பார்த்தாள். வந்தது சேற்று நிறம். "அப்பா, புத்தகம் பொய் சொல்கிறதா?" என்று கேட்டாள். "பரீட்சையில் புத்தகத்தில் உள்ளதை எழுது, போதும்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதில்தான் தவறு. புத்தகமும் பொய்யில்லை, அவள் கண்ணால் கண்டதும் பொய்யில்லை.

வெள்ளை ஒளிக்குள் எல்லா நிறங்களும் அடங்கியிருப்பதை முப்பட்டைக் கண்ணாடியைக் கொண்டு காட்டியவர் ஐசக் நியூட்டன். இது பற்றிய அவருடைய ஒளியியல் நூல் 1704-இல் வெளிவந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றது எளிது.

சாயக் கலவை செலவுக் கணக்கு. சாயம் தானாக ஒளி தருவதில்லை. தன்மேல் விழும் வெள்ளை ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு, மீதியைத் திருப்பி அனுப்புகிறது. மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்கும். நீலச் சாயம் சிவப்பு ஒளியை விழுங்கும். இரண்டையும் குழைத்தால், இரண்டுக்கும் தப்பி மிஞ்சுவது பச்சை. சிவப்புச் சாயமோ பச்சை ஒளியை விழுங்கும். பச்சைச் சாயம் சிவப்பை விழுங்கும். இரண்டும் சேர்ந்தால் மிச்சம் மிகக் குறைவு. அதுதான் அந்தச் சேற்று நிறம். ஹோலி ஆடிவிட்டு வரும் பிள்ளைகளின் சட்டையில் எல்லாப் பொடியும் கலந்து மங்கிக் கிடப்பதும் இதனால்தான்.

ஒளிக் கலவை வரவுக் கணக்கு. ஒன்றோடு ஒன்று கூடக்கூட வெளிச்சம் அதிகமாகும். நிறத்தை அறிய நம் கண்ணில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் உள்ளன. சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் ஒரே இடத்தில் விழுந்தால், மூளை அதை மஞ்சள் என்று கொள்கிறது. நீலமும் சேர்ந்தால் வெள்ளை. தொலைக்காட்சித் திரையில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மட்டுமே உண்டு. அதில் காணும் மஞ்சள் புடவை சிவப்பும் பச்சையும் சேர்ந்து காட்டும் தோற்றமே!

அச்சகத்தில் பயன்படுவது மை. ஆகவே அங்கே செலவுக் கணக்கு. சயான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மூன்றோடு கறுப்பையும் சேர்த்து வண்ணப் படங்களை அச்சிடுகிறார்கள். சயான் சிவப்பையும், மெஜந்தா பச்சையையும், மஞ்சள் நீலத்தையும் விழுங்குபவை.

"ஆரத்தித் தட்டில் மஞ்சளும் வெள்ளைச் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே?" என்று பிள்ளைகள் கேட்கலாம். அது வெறும் நிறக் கலவை அன்று. சுண்ணாம்பின் காரத்தன்மையால் மஞ்சளில் ஏற்படும் வேதி மாற்றம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மூன்று டார்ச் விளக்குகளின் முகப்பில் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித் தாள்களைக் கட்டுங்கள். அறையை இருட்டாக்கி, வெள்ளைச் சுவரில் ஒரே இடத்தில் ஒளி விழச் செய்யுங்கள். முதலில் சிவப்பும் பச்சையும், பிறகு நீலமும்.

நாங்களும் செய்து பார்த்தோம். சுவரில் மஞ்சள் தெரிந்ததும் மகள் கைதட்டினாள். பரீட்சைக்கு எழுதச் சொன்னபோது வராத நம்பிக்கை அப்போது வந்தது, அவளுக்கும் எனக்கும்.