காத்திருக்கும் உண்ணி: மலைக்காடு செல்வோர் அறிய வேண்டியவை

ஜெகதாப்பட்டினம் கடலோர ஊர். மழைக்காடு இங்கிருந்து வெகு தொலைவில் உள்ளது. ஆயினும் மீன்பிடித் தடைக்காலத்திலும் கோடை விடுமுறையிலும் நீலகிரி, வயநாடு போன்ற மலைப்பகுதிகளுக்குச் சுற்றுலாவாகவோ தோட்ட வேலைக்காகவோ செல்வோர் உண்டு. அக்காடுகளில் வாழும் உண்ணியின் இயல்பை அறிவது அவர்களுக்குப் பெரும் பாதுகாப்பாகும்.

உண்ணி பூச்சியினம் அன்று. சிலந்தி, தேள் ஆகியவற்றுக்கு உறவானது. அது பறப்பதில்லை, தாவுவதும் இல்லை. புல் நுனியிலோ சருகின் மேலோ ஏறி, முன்னங்கால்களை நீட்டியபடி காத்திருக்கும். அக்கால்களில் உள்ள நுண்ணுறுப்பு, நெருங்கி வரும் உயிரின் மூச்சுக்காற்றையும் மணத்தையும் உடற்சூட்டையும் உணர்ந்துகொள்ளும். உரசிச் செல்லும் உடலைப் பற்றியதும் தோலில் வாயைப் பதித்து, நாள்கணக்கில் குருதி உறிஞ்சும். அதன் உமிழ்நீர் வலியை மழுங்கச் செய்வதால் கடிபட்டவர் பெரும்பாலும் அதனை அறிவதில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ஹீமாபிசாலிஸ் ஸ்பினிஜெரா என்னும் உண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறை உயிரினங்களை நாடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் ஆறுகால் குஞ்சும், அடுத்த நிலையான எட்டுக்கால் இளம் உண்ணியும் எலி, தரைப்பறவை, குரங்கு ஆகியவற்றில் ஒட்டுகின்றன. முதிர்ந்த உண்ணி மாடு போன்ற பெரிய விலங்குகளை நாடும். மனிதரைப் பெரிதும் கடிப்பது இளம் உண்ணியே. மழைக்காலம் ஓய்ந்து டிசம்பர் முதல் மே வரை அது மிகுதியாக இருக்கும்.

1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்திலுள்ள கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்தன. அண்டை ஊர் மக்களும் கடுங்காய்ச்சலுற்றனர். இந்த உண்ணி சுமந்த வைரஸே அதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. குரங்கு இறந்ததும் அதன் மேலிருந்த உண்ணிகள் அவ்விடத்திலேயே உதிர்கின்றன. ஆகவே குரங்கு இறந்த இடம் ஆபத்தான இடமாகிறது. பின்னர் இந்நோய் தெற்கே பரவி, 2012இல் நீலகிரிக் குரங்குகளிடமும் 2015இல் வயநாட்டு மக்களிடமும் காணப்பட்டது.

திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, தசைவலி, வாந்தி, சிலருக்கு இரத்தக் கசிவு ஆகியன இதன் அறிகுறிகள். நோயுற்றோரில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் இறக்கக்கூடும். தனி மருந்து இல்லையாதலால் விரைவான மருத்துவக் கவனிப்பே உயிர்காக்கும். இது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை.

நம் ஊர்களில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று சொல்லப்படும் ஸ்க்ரப் டைபஸ் வேறு நோய். புதர்களில் வாழும் மிக நுண்ணிய சிற்றுண்ணியால் பரவும் பாக்டீரியாவே அதற்குக் காரணம். கடித்த இடத்தில் வலியற்ற கரும்பொருக்குத் தோன்றலாம். டாக்சிசைக்ளின் போன்ற மருந்தால் அது குணமாகும். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. இரு காய்ச்சல்களும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றுவதால், நோயாளி எங்குச் சென்றுவந்தார் என்பது மருத்துவருக்கு இன்றியமையாத செய்தி.

கவனத்திற் கொள்க:

• காட்டில் முழுக்கைச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் அணிக. காற்சட்டையின் விளிம்பைக் காலுறைக்குள் செருகுக. சருகின் மேல் அமர வேண்டா.

• இறந்த குரங்கின் அருகே செல்லாது வனத்துறைக்கோ சுகாதாரத் துறைக்கோ தெரிவிக்க.

• திரும்பியதும் குளித்து, அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம், குழந்தைகளின் தலைமுடி ஆகியவற்றை நோக்குக.

• ஒட்டிய உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேல்நோக்கி இழுக்க. எண்ணெய், மண்ணெண்ணெய், நெருப்பு வேண்டா. பின்னர் அவ்விடத்தைச் சோப்பிட்டுக் கழுவுக.

• சில நாள்களில் காய்ச்சல் கண்டால், வலி மாத்திரைகளைத் தாமே வாங்கி உண்ணாது உடனே மருத்துவமனைக்கு வருக. மருத்துவர் கேட்குமுன்னரே, “காட்டுக்குச் சென்று வந்தேன்” என்று கூறுக. நோயாளியால் பேச இயலாவிடில் உடன்வந்தோர் கூறுக.