பச்சைப் புள்ளி சொல்லாத சேதி

சிதம்பரம் மேலவீதியிலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ ஷாம்பு வாங்கும்போது பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி இருக்கலாம். உள்ளே இருப்பது சைவப் பொருள் என்பதற்கான அடையாளம் அது. முயலின் கண்ணில் சொட்டுவிட்டுச் சோதித்தார்களா என்பதை அது சொல்லாது. அதற்குத் துள்ளும் முயல் முத்திரையைத்தான் தேட வேண்டும்.

அழகுசாதனப் பொருள்களை விலங்குகள்மீது சோதிக்க இந்தியா 2014-இல் தடை விதித்தது. அதே ஆண்டு நவம்பரில், அப்படிச் சோதித்தவற்றின் இறக்குமதியும் நின்றது. பெரிய வெற்றிதான். ஆனால் தரை துடைக்கும் திரவமும் கழிப்பறை கழுவும் அமிலமும் அழகுசாதனம் அல்லவே! அந்தத் தடை இவற்றைத் தொடுவதில்லை. லேபிளில் உள்ள வாடிக்கையாளர் எண்ணை அழைத்து, “மூலப்பொருளையாவது விலங்குமீது சோதிக்கிறீர்களா?” என்று நேராகவே கேளுங்கள். தலைக்குச் சீயக்காய், பித்தளைக்குப் புளி என்றால் இந்தக் கேள்வியே எழாது.

மருந்து விஷயம் வேறு. விலங்குமீது சோதித்தது என்பதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். 2023-இல் திருத்தப்பட்ட மருந்துச் சோதனை விதிகள், மனித செல்கள், கணினி மாதிரிகள் வழியான சோதனைக்கும் இடம் தந்திருக்கின்றன.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் பிள்ளை வீட்டில் உண்டா? எலியைத் தொடும் முன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம் என்பதை நினைவூட்டுங்கள்.